சொல்லாமல் விட்டது

சர்க்யூட் போர்டில் இரண்டு சிப்புகள்தான் இருந்தன. மூன்று இருப்பதாகத் திரை சொன்னது.

அவள் போர்டை விளக்குக்கு அடியில் இழுத்து மறுபடியும் பார்த்தாள். சிப்புகளை மேய்க்கும் கன்ட்ரோலருக்குப் பக்கத்தில், தகவல் சேமிக்கும் இரண்டு ஃபிளாஷ் சிப்புகள், கறுப்பாக, நகத்தளவு. அவற்றை அடுத்து மூன்றாவதற்கென்று விட்ட இடம் காலியாகக் கிடந்தது. ஈயப் புள்ளிகள் மட்டும் வரிசையாக மின்னின. ஏசியின் உறுமலும், சூடான பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த அந்த வாடையும் தவிர லேபில் வேறு துணை இல்லை. விடுமுறை நாள். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல்தான் அவள் இங்கே வந்திருந்தாள்.

தப்பு அவளுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. போர்டை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலுக்குத் தானாக எதையும் பார்க்கத் தெரியாது. எந்த கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது, அதில் எத்தனை சிப், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், அதை அப்படியே நம்பும் பிறவி அது. இந்த வேலையில் யாரும் அந்தக் கோப்பைப் புதிதாக எழுதுவதில்லை. பழைய போர்டுக்கு எழுதியதை எடுத்து ஒட்டி, மாற்ற வேண்டியதை மாற்றுவார்கள். பழைய போர்டில் மூன்று சிப். அவள் மூன்றாவதை அழிக்க மறந்திருந்தாள். அது போகட்டும், எல்லோரும் செய்கிற தப்புதான். அப்படி மறந்தால் கெர்னல் அந்த இடத்தைக் கூப்பிட்டுப் பார்க்கும், பதில் வராது, சிப் இல்லை என்று ஒரு வரி முணுமுணுத்துவிட்டு மேலே போய்விடும்.

இன்று பதில் வந்திருந்தது.

போர்டு செய்து தருகிற மனிதருக்கு ஃபோன் போட்டாள். ஈயம் பற்றவைத்தே தலை நரைத்தவர். லேபில் எல்லோருக்கும் அவர் ஈயம் அண்ணன். காலி இடத்து இணைப்பு அந்தரத்தில் தொங்கினால் பக்கத்து சிப் பேசுவது அதிலும் எதிரொலிக்கும், பேய் பிசாசு என்று பயந்து ஓடிவிடாதே என்று சிரித்தார். நியாயமான விளக்கம்.

"எதிரொலியா இருந்தா பக்கத்து சிப் சொல்றதையேதான் இதுவும் சொல்லும்," என்றார். "எதுக்கும் கேட்டுப் பாரும்மா."

கட்டளை தட்டிக் கேட்டாள். பக்கத்து சிப் சொன்னதை அது சொல்லவில்லை. கொள்ளளவு என்ன என்றதற்கு, அவள் கோப்பில் அழிக்காமல் விட்ட அதே பழைய எண்ணைச் சொன்னது. உன்னைச் செய்தது யார் என்றதற்கு வெறுமை. கோப்பில் அந்த விவரம் இல்லை. கோப்பில் இருந்ததெல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது. கோப்பில் இல்லாத இடத்தில் அது ஒன்றுமே இல்லை.

கோப்பில் மூன்றாவது சிப்பின் வரிகளை அழித்தாள். போர்டை அணைத்து மறுபடி எழுப்பினாள். மூன்று சிப்புகள் என்றது திரை. காலி இடத்தில் விரலை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

பயந்திருக்க வேண்டும். ஆனால் கணவன் போனதிலிருந்தே அவளுக்கு எதுவும் சட்டென்று உறைப்பதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி, தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான். அவள் அழவே இல்லை. அழுததெல்லாம் மாமனார்தான். அவருக்கு நினைவு தங்குவதில்லை. சாயங்காலமானால் "வந்துட்டானா?" என்பார். இல்லை மாமா, அவர் இறந்துவிட்டார் என்றால், அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பதுபோல மார்பில் அடித்துக்கொண்டு அழுவார். மறுநாளும் அதே கேள்வி, அதே அழுகை. ஒரு மனிதர் எத்தனை முறைதான் மகனைச் சாகக் கொடுப்பார்? ஒருநாள் மனசு கேட்காமல், வந்துவிட்டார், குளிக்கிறார் என்றாள். மாமனார் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். குளிக்கிறார் மாமா. அந்தப் பச்சை சோப்பைத் தேய்க்கிறார், வாசனை வரவில்லையா? தொண்டையைச் செருமுகிறார், கேட்கவில்லையா? டவலை மறந்துவிட்டு இடுக்கு வழியாகக் கையை நீட்டுகிறார் பாருங்கள். மாமனார் தூங்கும்வரை இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஃபோன் அடித்தது. பகலில் மாமனாரைப் பார்த்துக்கொள்ள இந்த வாரம்தான் வந்து சேர்ந்த பெண். அவளிடம் உண்மையைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

"அக்கா, சார் வந்துட்டாரு போல. பாத்ரூம்ல தண்ணிச் சத்தம் கேக்குது. பெரியவருக்குத் துணைதான் ஆச்சே, நான் கிளம்பறேன்க்கா."

வேண்டாம், இரு என்பதற்குள் வைத்துவிட்டாள்.

மாமனார் அங்கே தனியாக இருந்தார். அல்லது தனியாக இல்லை. இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுவது என்று தெரியாமல் அவள் ஓடினாள்.

விளக்குப் போடும் வேளை. வீட்டில் யாரும் போட்டிருக்கவில்லை. கதவைத் திறந்ததும் சோப்பு வாசனை மூக்கில் ஏறியது. அந்தப் பச்சை சோப்பை அவள் வாங்கி எத்தனையோ மாதங்கள் ஆகிவிட்டன. கூடத்து நாற்காலியில் மாமனார் நிமிர்ந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார். பாத்ரூமில் தண்ணீர் விழுந்தது. குழாய் ஒழுகும் சத்தம் அல்ல. மொண்டு மொண்டு ஊற்றும் சத்தம். நடுவில் ஒரு செருமல்.

அழித்துவிட வேண்டும். அது மட்டும்தான் தோன்றியது. மாமனார் முன்னால் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்தாள்.

"மாமா, நான் இத்தனை நாளா பொய் சொன்னேன். அவர் வரல. அவர் செத்துட்டாரு."

அழுவார் என்று காத்திருந்தாள். அழட்டும், அழுதால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவர் அழவில்லை. குனிந்து அவள் காதருகே வந்தார்.

"மெதுவாப் பேசும்மா. அதுக்குக் கேக்கும்."

தண்ணீர் நின்றது.

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. இடுக்கில் ஒரு கை. ஈரமாக. டவலுக்காக நீண்டிருந்தது. நகம் இல்லை. ரேகை இல்லை. கை மட்டும்.

அவள் நகரவில்லை. சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். குளிப்பதைச் சொன்னாள். சோப்பைச் சொன்னாள். செருமலைச் சொன்னாள். கையைச் சொன்னாள்.

முகத்தைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

கதவு முழுதாகத் திறந்தது. மாமனார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவளால் மூட முடியவில்லை. வாசலில் நின்றதன் கழுத்துக்கு மேலே, எதுவுமே இல்லாத இடத்திலிருந்து, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.