சொட்டுகிற கதவு

காரைக் கழுவி முடித்துக் கதவைச் சாத்தினாள் மைனா. உள்ளே 'களுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

மறுபடி திறந்து சாத்திப் பார்த்தாள். களுக்!

கதவுக்குள் தண்ணீர்.

ஓயாமல் பேசுவதால்தான் அவளுக்கு 'மைனா' என்று பட்டப்பெயர். இப்போது கதவில் காதை வைத்துக் கேட்டாள்.

அது டாக்டரம்மாவின் வான நீலக் கார். மைனாவின் அம்மாவைவிட அதற்கு வயது அதிகம். அம்மாவின் பட்டறைக்கு வந்த அன்று, டாக்டரம்மா கதவின் அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினார். தகரம் பிஸ்கட் மாதிரி நொறுங்கி, விரல் உள்ளேயே போய்விட்டது.

"போன வருஷம்தான் வேற பட்டறையில சரி பண்ணேன். ஒரே மழை, திரும்ப வந்துடுச்சு. எங்க அப்பா ஓட்டின கார்ம்மா, அதான் மனசு கேக்கல. இன்னொரு மழைக்கும் துரு வந்தா, பழைய இரும்புக் கடைதான்" என்றார்.

அம்மா துரு தின்ற தகரத்தையெல்லாம் வெட்டி எடுத்தாள். புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், மேடுபள்ளம் தெரியாமலிருக்கப் பட்டி பூசினாள், பெயிண்ட் அடித்தாள். துரு வராமலிருக்கக் கதவுக்கு உள்பக்கம்கூட மெழுகு பூசினாள். இப்போது பட்டறையின் பின்பக்கம் நின்று, கையில் ஒட்டிய பெயிண்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா வரும் நேரம்.

'கண்ணாடி ஓரமா தண்ணி உள்ள இறங்கத்தான் செய்யும். அது வெளிய போகத்தான் அடியில ஓட்டை வச்சிருக்காங்க' என்று அம்மா ஒருமுறை சொன்னது மைனாவுக்கு நினைவு வந்தது.

தரையில் படுத்துப் பார்த்தாள். ஓட்டையைக் காணோம். அந்த இடத்தில் சாம்பல் நிறப் பட்டி அப்பியிருந்தது. அதன்மேல் ஒரு சின்ன விரலின் தடம்.

"வாலு! இங்க வா!"

தம்பி சிரித்துக்கொண்டே ஓடி வந்தான். காதிலும் கொஞ்சம் பட்டி.

"பாத்துட்டியாக்கா? சின்ன ஓட்டை இருந்தாலும் துரு வந்துடும்னு அம்மா சொன்னாங்கல்ல? அவங்களே அடியில அடைக்காம விட்டுட்டாங்க. சாப்பிடப் போனப்போ நானே அடைச்சுட்டேன். நாலு கதவும்!"

மைனாவுக்குத் திட்டு நாக்கு நுனிவரை வந்தது. பட்டி அப்பிய அந்தக் காதைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

"அது தண்ணி போற வழிடா. அடைச்சா உள்ளயே தேங்கி, துரு பிடிக்கும்."

வாலுவின் சிரிப்பு மறைந்தது. "அப்போ... இரும்புக் கடைக்குப் போட்டுருவாங்களா? என்னாலயா?"

"அழாத. பட்டியில ஹார்ட்னர் கலந்தியா?" அதுதான் பட்டியைக் கல்லாக இறுக்கும் மருந்து.

"இல்ல. அது நாத்தம். தொடவே இல்ல."

"நல்லவேளை! உன் மூக்கு காப்பாத்துச்சுடா."

தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி, ஓட்டையில் குத்தப் போனாள். சட்டென்று கை நின்றது. இரும்பு பெயிண்டைக் கீறும். கீறின இடத்தில் துரு வந்து உட்காரும். அம்மா பட்டி கலக்கும் மரக்குச்சியைத் தேடி எடுத்து, மெல்ல மெல்லத் தோண்டினாள். களிமண் மாதிரிப் பட்டி உதிர்ந்தது. தண்ணீர் ஒழுகியது.

ஒரு கதவு முடிந்தது. இரண்டு. மூன்று. வாலு துணியால் துடைத்துக்கொண்டே வாசலை வாசலைப் பார்த்தான்.

"என்ன பாப்பா, அடியில என்ன தேடற?"

டாக்டரம்மா! பின்னாலேயே துண்டில் கை துடைத்தபடி அம்மாவும் வந்தாள்.

இன்னும் ஒரு கதவு பாக்கி. 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிட்டால் கார் போய்விடும். யாருக்கும் தெரியாது, மழை வரும்வரை.

"தண்ணி போற ஓட்டை அடைஞ்சிருக்கு. இன்னும் ஒரு கதவு இருக்கு. கொஞ்சம் இருங்க, ஆன்ட்டி" என்றாள். யார் அடைத்தது என்று சொல்லவில்லை.

அம்மாவின் முகம் மாறியது. "யாரு அடைச்சா?"

மைனா குச்சியையே பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நான்தான்மா. துரு வரக்கூடாதுன்னுதான்..."

அம்மா மண்டியிட்டாள். குச்சியை வாங்கி, கடைசி ஓட்டையை ஒரு தட்டு தட்டினாள். தேங்கிய தண்ணீர் குபுக்கென்று டாக்டரம்மாவின் செருப்பில் கொட்டியது.

டாக்டரம்மா ஈரக் காலைப் பார்த்தார். "இவ்வளவு தண்ணியா! போன வருஷம் துரு வந்ததும் இதாலதானா?"

"ஆமாங்க. நீங்க கொண்டு வந்தப்போ அந்தப் பட்டறையில அடிச்ச பெயிண்ட் எல்லா ஓட்டையையும் அடைச்சிருந்துச்சு" என்றாள் அம்மா. "இருங்க, ஓட்டை ஓரத்துல திரும்ப மெழுகு பூசித் தரேன்."

"நிதானமா பூசுங்க. செருப்பு காயட்டும்." டாக்டரம்மா வாலுவின் காதிலிருந்த பட்டியைத் துடைத்துவிட்டார். "தம்பி, இனி என் காருக்கு ஓட்டை டாக்டர் நீதான். முதல் மழைக்குக் கொண்டு வரேன். நீதான் பாத்துச் சொல்லணும்."

அன்று முதல் வாலுவுக்கு மேகத்தைக் கண்டாலே பயம். வானம் கறுத்தால் சாப்பாடு இறங்காது.

ஒருநாள் அடைமழை பிடித்தது. பட்டறை வாசலில் வான நீலக் கார் வந்து நின்றது. மைனா குடையை எடுப்பதற்குள் வாலு ஓடிப்போய் ஈரத் தரையில் படுத்துவிட்டான்.

ஒவ்வொரு கதவாகத் தவழ்ந்து பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் போனான். மைனா விரல்களை மடக்கிக்கொண்டு நின்றாள்.

"அக்கா!" காருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல். "சொட்டுதுக்கா! நாலு கதவும் சொட்டுது!"