இடது சீட்டில் ஒரு தூக்கம்

கார் வந்து நின்றது.

இடது பக்கக் கண்ணாடியில் ஒரு பெண்ணின் முகம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன.

கோட்டையூர் ரோட்டில் தன் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்ற வேல்பாண்டி கண்ணாடியைத் தட்டினான்.

அசைவில்லை.

பலமாகத் தட்டினான்.

அசைவே இல்லை!

கதவைத் திறந்தான். தலை அவன் தோளில் சரிந்தது. உள்ளேயிருந்து மல்லிகை சென்ட் வாசனை குப்பென்று அடித்தது.

"தூங்குறா, விடுப்பா" என்றார் ஸ்டியரிங்கில் இருந்தவர். "கார்ல ஏறுனா இப்படித்தான்."

அவர் ஏகப்பன். பழைய வீட்டுத் தேக்குக் கதவுகளை வாங்கி விற்கிறவர். கல்லலில் இருந்து வந்திருக்கிறார். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. பகல் பதினோரு மணிக்கே சரக்கா என்று நினைத்துக்கொண்டான் வேல்பாண்டி.

அந்தப் பெண் மெல்லக் கண் திறந்தாள். அவர் மனைவி சௌபர்ணிகா, செட்டிநாட்டு ஆச்சி. இறங்கினாள். ரெண்டு எட்டு வைப்பதற்குள் கால் பின்னியது. வேல்பாண்டி ஸ்டூலை இழுத்து மின்விசிறிக்குக் கீழே போட்டான். தலை வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ஏகப்பனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவருக்கு டேஷ்போர்டுதான் கவலை. அங்கே எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

போன மாதம் வெளியூரில் சைலன்சரை மாற்றினார்களாம். புகையின் நஞ்சை முறிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு நேர் பைப். வண்டி இப்போது புலி மாதிரி உறுமுகிறது. நாலு நாளாக விளக்கு எரிகிறது. மூன்று மணிக்கு மதுரையில் ஒரு நிச்சயதார்த்தம்.

"லைட்டை மட்டும் அமத்தி விடுப்பா. போதும்."

"என்னன்னு பாக்காம அமத்துனா மறுபடி எரியும்ணே."

"எரியட்டும். நாளைக்குப் பாத்துக்குவோம்."

வேல்பாண்டி ஸ்கேனரைச் சொருகினான்.

கன்வெர்ட்டரைக் கழற்றிய வண்டியில் திரையில் எந்த எரர் கோடு வரும் என்று அவனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அதைத்தான் எதிர்பார்த்தான்.

அது வரவில்லை.

யாரோ பின்பக்க சென்சாருக்கு அடாப்டர் வைத்து, கன்வெர்ட்டர் இருப்பதுபோல் வண்டியை நம்ப வைத்திருக்கிறார்கள். நல்ல வேலைக்காரன். ஆனால் திரையில் வேறு ஒரு கோடு! முன்பக்க சென்சார் கத்திக்கொண்டிருந்தது. காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று.

அப்படியென்றால் சென்சாருக்கு முன்னால் பைப்பில் எங்கோ லீக். வெளிக்காற்று உள்ளே போகிறது. அதே வழியில் உள்ளே இருக்கும் புகை வெளியே வருகிறது.

வருகிற புகை... எங்கே போகிறது?

வண்டியை ஜாக்கியில் ஏற்றினான். வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு வைக்கவில்லை. எட்டிப் பார்க்கத்தானே என்று அப்படியே உள்ளே சறுக்கினான். இருபது வருடத் தொழிலில் அவன் செய்யாத தப்பு.

டார்ச்சை அடித்தான்.

பைப் இணைப்பில் கிளாம்ப் தளர்ந்திருந்தது. தானாகத் தளரவில்லை. நட்டில் புது ஸ்பானர் தடம் பளபளத்தது. விரலால் தொட்டுப் பார்த்தான். ஆடியது.

அதற்கு மேலே வளைத்து முடுக்கிய ஒரு பிஸ்கட் டின் தகடு. புகையை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும் வளைவு.

அதற்கும் மேலே காரின் அடித்தகட்டில் இருக்க வேண்டிய ரப்பர் மூடி இல்லை. வட்டமாக ஒரு ஓட்டை. ஓட்டைக்கு மேலே மிதியடி. மிதியடிக்கு மேலே...

இடது சீட்!

பைப்பிலிருந்து வருவது சும்மா புகை இல்லை. கன்வெர்ட்டர் இல்லாத எஞ்சினின் விஷவாயு. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டு மதுரை வரைக்கும் ஓட்டினால், அந்தப் பெண் நிச்சயதார்த்தத்துக்குப் போக மாட்டாள்.

"என்னப்பா, எதாச்சும் தெரியுதா?"

தலைக்குப் பக்கத்தில் ஏகப்பனின் செருப்பு. அவர் குனிந்தார். கை ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தது.

"இதைத் திருகுனா வண்டி இறங்கிருமோ?"

ஒரு டன் இரும்பு அவன் நெஞ்சுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. வேல்பாண்டி மூச்சை இழுத்தான். விடவில்லை.

"கையை எடுங்கண்ணே."

"சும்மா கேட்டேன்."

"எடுங்கண்ணே. எடுத்துருங்க."

கை விலகியது. வேல்பாண்டி சட்டை கிழிய வெளியே வந்து ஜாக்கியை இறக்கினான். ஒண்ணுமில்லை, ஒரு கிளாம்ப் போயிருக்கிறது என்றான். எதிர்ச்சாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அளவு சொல்லி வாங்கிவரச் சொன்னான். இதற்குப் போய் நான் அலையணுமா என்று முனகிக்கொண்டே ஏகப்பன் ரோட்டைக் கடந்தார்.

வேல்பாண்டி ஸ்டூலுக்கு ஓடினான்.

"ஆச்சி, நான் சொல்றதைக் கத்தாமக் கேளுங்க. இந்த வண்டியில இனிமே ஏறாதீக. உங்க சீட்டுக்கு அடியில ஓட்டை போட்டுப் புகையைத் திருப்பி விட்டிருக்கு. அது உங்களைக் கொல்லப் போட்ட ஓட்டை ஆச்சி. உங்க வீட்டுக்காரரு..."

சௌபர்ணிகா நெற்றியை அழுத்திக்கொண்டிருந்த கையை எடுத்தாள். பதறவில்லை. அவனை நிதானமாகப் பார்த்தாள்.

"டிரைவர் சீட்டைப் பாத்தீகளா?"

"ஏன்?"

"எவ்வளவு முன்னாடி கெடக்கு பாருங்க. அவுக முட்டி ஸ்டியரிங்ல இடிச்சுக்கிட்டே வந்துச்சு. அது என் உயரத்துக்கு வச்சது. வண்டி எனக்குச் சீரா வந்தது. எப்பவும் நான்தான் ஓட்டுவேன்."

வேல்பாண்டிக்குப் புரியவில்லை.

பிறகு புரிந்தது.

ஆம்பளை ஸ்டியரிங்கில், பொம்பளை பக்கத்தில். பார்த்ததும் முடிவு கட்டிவிட்டான்.

"இடது சீட்டு அவுக சீட்டு" என்றாள். "என் பக்கக் கண்ணாடி எப்பவும் பாதி இறங்கியிருக்கும். இன்னைக்கு லைட்டு எரியுதுன்னு அவுகளே ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டாக. ஏசி குளிர் வெளிய போகுதுன்னு கண்ணாடியையும் ஏத்திட்டாக. எதைச் சொல்லி நான் மறுக்க?"

"எதுக்கு ஆச்சி இப்படி?"

"விவாகரத்துக்கு ஒரு கையெழுத்துக் கேட்டேன். மூணு வருஷமாச் சிரிக்கிறாக."

காலேஜில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவளாம். கிளாம்பின் உஸ் சத்தம் கேட்கக்கூடாது என்றுதான் உறுமுகிற சைலன்சராம். புகை வாடை தெரியக்கூடாது என்றுதான் மல்லிகை சென்ட்டாம். பின் சென்சாருக்கு அடாப்டர் வைத்தவள், முன் சென்சாரை மறந்துவிட்டாளாம். பரீட்சையில் ஒரு மார்க் போனதுபோல் சொன்னாள்.

"கிளாம்பை லூசாவே விட்ருங்க. லைட்டை அமத்துங்க. மதுரைக்கு நான் ஓட்டிக்கிறேன்."

"மாட்டேன் ஆச்சி."

"அப்ப ஒண்ணு யோசிச்சுக்கங்க. ரெஞ்சு புடிச்சப்ப நான் கையுறை போட்டிருந்தேன். இப்ப அந்தக் கிளாம்புல இருக்கிறது உங்க விரல் ரேகை."

வேல்பாண்டி தன் விரல்களைப் பார்த்தான். கரி.

போலீஸ் யாரை நம்பும்? பாடம் நடத்துகிறவளையா, பத்தாவது ஃபெயிலான மெக்கானிக்கையா? ரெண்டு பிள்ளைகள் ஸ்கூலில். ஒர்க்‌ஷாப் வாடகை இடம். வாயை மூடிக்கொண்டு லைட்டை அணைத்துவிட்டால் இந்த வண்டி போய்விடும்.

போய், எங்கேயோ ஒரு பொணத்தோடு நிற்கும்.

ரோட்டைக் கடந்து ஏகப்பன் வந்தார். கையில் கிளாம்ப்.

சௌபர்ணிகா சிரித்தாள். "ஆயிருச்சாம். கெளம்புவோமா?"

வேல்பாண்டி போய் வண்டிச் சாவியை உருவித் தன் பாக்கெட்டில் போட்டான். இடது கதவைத் திறந்தான். மிதியடியைச் சுருட்டி எறிந்தான்.

"அண்ணே, இங்குட்டு வாங்க. எப்பவும் நீங்க உக்காந்து வர்ற எடம் இதுதானே?"

ஏகப்பன் குனிந்தார். ஓட்டை தெரிந்தது. ஓட்டை வழியே தகடு தெரிந்தது. தகடு மேல்நோக்கிக் காட்டுகிற திசையும் தெரிந்தது.

நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. ஏகப்பனின் கையிலிருந்த கிளாம்ப் நழுவித் தரையில் உருண்டது.

என்ன கேட்பது என்று தெரியாமல், வண்டி விட வந்தவர்கள் எல்லோரும் கேட்கிறதையே அவரும் கேட்டார்.

"ச... சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்ப்பா?"

"பத்து நிமிஷம்ணே" என்றான் வேல்பாண்டி. "ஆனா வீட்டுக்குப் போறப்ப, ஆளுக்கொரு ஆட்டோவுல போங்க."