நாலாவது வாக்கியம்

காலை ஆறு பத்து. ரெஜினா நான்காவது மாடி ஏறி பாஹா முர்முவின் கதவைத் தட்டினாள். பேசிவிட்டு வருவதுதான் வேலை. திங்கள் முதல் புதன் வரை அவள் முறை. மற்ற நாட்களுக்கு வேறு இரண்டு பெண்கள்.

இருவரும் சுவரிலிருந்த செவிப்பலகைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. ரெஜினா முதல் வாக்கியத்தைச் சொன்னாள். பாஹா சந்தாலியில் பதில் சொன்னாள். ரெஜினாவுக்கு மொத்தம் எட்டு சந்தாலி வாக்கியங்கள். தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ரெஜினாவுக்கு ஒலியும் எண்ணும் மனப்பாடம். பொருள் எழுதிய தாள் எங்கே போயிற்றென்று தெரியாது. பாஹா பேச்சை நிறுத்தினால் நாலாவதைச் சொல்ல வேண்டும். அது எதற்கும் பொருந்தும் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் தயாளன் சொல்லியிருந்தார்.

அலைமேடு மண்டலத்தில் ஒன்பது லட்சம் பேர், நாற்பத்தொரு மொழி. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு மொழி பார்த்துத்தான் வீடு கொடுத்தார்கள். கலவரத்தில் இரண்டு தெருக்கள் எரிந்தன. பிறகு கலப்பு விதி வந்தது. ஏழு மொழி புழங்கும் கட்டடத்துக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் குடிநீர். ஆறு என்றால் அரை மணி. பதிவேட்டில் பெயர் இருந்தால் போதாது. வீட்டுக்குள் இரண்டு குரல் சேர்ந்து நாளுக்கு இருநூறு சொல்லாவது பேச வேண்டும். பலகை எண்ணும். நடுவில் வேறு மொழி விழுந்தால் அந்த நாள் செல்லாது. மொழிபெயர்க்கும் மாற்றொலிக் கருவி பக்கத்தில் இருந்தாலும் செல்லாது.

ரெஜினாவும் பாஹாவும் குடியிருக்கும் கட்டடத்தில் ஏழாவது மொழி சந்தாலி; நூற்றிருபது வீடுகளில் சந்தாலி வீடு ஒன்றுதான். கணவன் வேலை தேடி மும்பைப் பக்கம் போனபின் பாஹாவின் வீட்டில் ஒரே குரல். அதனால் சங்கம் முறை போட்டது. கீழே மீன் கடையில் பாஹா தமிழில்தான் பேரம் பேசுவாள். வீட்டில் மட்டும் தமிழ் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவளும் சரி என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாஹா அதிகம் பேசினாள். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். நிறுத்திய இடத்திலெல்லாம் ரெஜினா நாலாவதைச் சொன்னாள். கண் பலகையில் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு. இதுவரை வராத எண்.

கீழே தயாளன் லட்டுப் பெட்டியோடு நின்றார். "இன்னா ரெஜினா, ஏழாவது லாங்குவேஜ் பிச்சு உதறிச்சா? இந்தா, நீயும் எடு, அதுக்கும் ஒண்ணு குடு!"

ரெஜினா மறுபடி மாடியேறி லட்டைக் கொடுத்தாள். பாஹா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ரெஜினாவுக்கு மீன் குளிர்கிடங்கில் வேலை. அங்கே பத்து மொழிக்காரர்கள். நாள் முழுக்கக் காதில் மாற்றொலி இருக்கும். சாயங்காலம் பேருந்தில் அதைக் கழற்ற மறந்தாள். ஆறாவது வாக்கியம் உச்சரிப்பு சரியில்லாமல் பலகையில் ஏறவில்லை என்று தயாளன் சொன்னதால் காலையில் பேச்சைக் கைபேசியில் பதிந்து வைத்திருந்தாள். அதைப் போட்டாள். தமிழில் கேட்டது.

"என் மகள் போய்விட்டாள். காய்ச்சல். சேதி சனிக்கிழமை வந்தது."

"ரொம்ப நல்லது. அப்புறம்?"

அது ரெஜினாவின் குரல்.

"ஒன்பது வயது. ஊரில் என் அம்மாவிடம் விட்டிருந்தேன். போக வர ஐந்து நாள் ஆகும். நான் போனால் தண்ணீர் நின்றுவிடும் என்று செயலாளர் சொன்னார்."

"ரொம்ப நல்லது. அப்புறம்?"

"ஞாயிற்றுக்கிழமை புதைத்துவிட்டார்கள்."

"ரொம்ப நல்லது. அப்புறம்?"

ரெஜினா கருவியைப் பிடுங்கினாள். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் கேட்டிருக்குமோ என்று அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்து போயிற்று. மூன்று வருடம் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். வேலையில் யாரோ ஒருவன் முணுமுணுத்தால்கூட மாற்றொலியில் கேட்டுப் புரிந்துகொள்கிற காது அது.

மறுநாள் ஆறு பத்து. பாஹா கதவைத் திறந்தாள். ரெஜினா வாசல்படியிலேயே நின்றாள்.

"பாஹா, உன் பொண்ணு..."

பாஹா அவள் வாயைப் பொத்தினாள். பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பச்சை மாறவில்லை; தமிழ் அதற்குக் கேட்கவில்லை. ரெஜினாவை வெளியே தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள்.

"உள்ள தமிழ் பேசாதீங்கக்கா. தண்ணி போயிடும். உங்க வீட்ல கைக்கொழந்த வேற கீது."

"நீ ஊருக்குக் கெளம்பு. தண்ணி எக்கேடு கெட்டுப் போவட்டும். தயாளன்கிட்ட நான் பேசறேன்."

"இப்ப போயி இன்னாக்கா பண்றது? பொதச்சி மூணு நாள் ஆச்சு."

ரெஜினா பாஹாவின் கையைப் பிடிக்கப் போனாள். தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அந்தக் கைதான் நேற்று லட்டை நீட்டியது.

படிக்கட்டுக் கீழே சொல் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த தயாளன் கூப்பிட்டார். "யம்மா ரெஜினா! ஆறே கால் ஆவுது, இன்னும் ஒரு சொல்லு ஏறலியே! நின்னுகினு இன்னா பண்றே?"

பாஹா கதவைத் திறந்தாள். உள்ளே ஜன்னல் விளிம்பில் லட்டு காகிதத்தோடு அப்படியே இருந்தது. அவள் உள்ளே போகாமல் நின்றாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு உள்ள வாங்க. நான் நிறுத்தறப்பல்லாம் ஒண்ணு சொல்லுவீங்களே, அதுக்கு இன்னா அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"