பச்சையாய் எரிந்த கற்பூரம்

"கற்பூரம் பச்சையா எரியுதுக்கா. நான்தான் ஏதோ செஞ்சிட்டேன்னு சொல்றாங்க."

தெங்கேராவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த துப்பறியும் அலுவலகத்தில், கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு நளினி அழுதாள். மாமியார் ராமாத்தாள் கொஞ்ச நாளாக வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடக்கிறாள். உள்ளங்கைத் தோல் சிவந்து உரிகிறது. கிளினிக் மருந்து கேட்கவில்லை. சாமி மேடைக் கற்பூரம் பச்சையாக எரிவதும் அதே நாட்களில்தான். செய்வினை என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். கணவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். குழந்தையை விட்டுவிட்டு இன்றைக்கே வெளியேற வேண்டும் என்று கொழுந்தன் ஷங்கர் கெடு வைத்திருந்தான்.

துப்பறிபவர் பவானேஸ்வரி முன்பு எண்ணெய் ஆலைச் சோதனைக்கூடத்தில் இருந்தவர். எதற்கும் பதறமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பதறுவதற்கு உதவியாளன் தேவன் இருந்தான்.

"உங்க அத்தைக்குத் தனிச் சமையலா?"

"இல்லக்கா, எல்லாருக்கும் ஒரே சட்டிதான்."

"உன் மேல ஏன் சந்தேகம்?"

"பிள்ளை வாயில அத்தை திருநீறு போட்டா, புரை ஏறிடுமேன்னு துடைச்சிடுவேன். நல்லவ அப்படிச் செய்வாளான்னு கேக்குறாங்க."

பவானேஸ்வரி எழுந்துவிட்டார். "தேவா, காரை எடு."

சுங்கை ஊடாங்கில் நளினியின் வீட்டு வாசலில் சாய்த்து வைத்திருந்த கேரம் பலகையில் தேவன் இடித்துக்கொண்டான். உள்ளே ராமாத்தாள் சுவரைப் பிடித்தபடி வந்து, நளினியின் கையிலிருந்து பேத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். சாமி மேடையில், தட்டு கறுக்காமலிருக்கத் திருநீற்றைப் பரப்பி, அதன்மேல் கற்பூரம் வைத்து ஷங்கர் ஏற்றினான். மஞ்சள் சுடரின் ஓரம் பச்சையாக நெளிந்தது.

"செம்புத் தட்டுன்னா பச்சை வரும்லா, அக்கா?" என்று தேவன் கிசுகிசுத்தான்.

"எவர்சில்வர் தட்டு."

ராமாத்தாள் திருநீற்றை நெற்றியில் பூசினாள். அது ஒட்டாமல் வழுக்கி உதிர்ந்தது. ஒரு சிட்டிகையைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அடுத்ததைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"போடாதீங்க!"

பவானேஸ்வரி கத்தி தேவன் கேட்டதே இல்லை. அவர் ராமாத்தாளின் கையைப் பிடித்து அந்தச் சிட்டிகையை ஒரு கரண்டியில் வாங்கினார். பேய்க்குப் பயந்து தேவன் பையில் வைத்திருந்த கோயில் திருநீற்றை இன்னொரு கரண்டியில் கொட்டினார். இரண்டிலும் கை கழுவும் சானிடைசரை விட்டுப் பற்றவைத்தார். தேவனின் திருநீற்றின்மேல் சுடர் நீலமாக எரிந்தது. மற்றது முழுப் பச்சை. ராமாத்தாள் அலறினாள்.

"பேய் இல்லம்மா, போரான். உலோகமும் இல்ல, அலோகமும் இல்ல. ரெண்டுங்கெட்டான். உலோகப்போலின்னு சொல்வாங்க. அதோட அணுவுல மொத்தமே அஞ்சு எலக்ட்ரான், வெளிச்சுத்துல மூணுதான். அந்தக் குறையைத் தீர்த்துக்க ஆக்ஸிஜனோட சேர்ந்துக்கும். அது தீயில பட்டா எலக்ட்ரான் மேல ஏறும், இறங்கும்போது பச்சை வெளிச்சம் விடும். அதுல செஞ்ச போரிக் பவுடர் வழவழன்னு இருக்கும். தினம் தின்னா வாந்தி வரும், தோல் உரியும். தேவா, அதை எங்க தூவுவாங்க?"

"கேரம் பலகையில!"

"இந்த வீட்டுக்குத் திருநீறு யார் வாங்குறது?"

எல்லாரும் ஷங்கரைப் பார்த்தார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"கோயில் வரைக்கும் போகச் சோம்பலா இருந்துச்சு. வெள்ளையாத்தானே இருக்கு, நெத்தியில பூசத்தானேன்னு கேரம் பவுடரைக் கொட்டி வச்சேன். அம்மா வாயில போடுவாங்கன்னு யோசிக்கலலா."

"காரைத் திருப்பி நிறுத்து, தேவா. அம்மாவையும் பிள்ளையையும் உடனே ஹாஸ்பிட்டல் கொண்டு போகணும்."

ராமாத்தாள் நகரவில்லை. "பிள்ளைக்கும்தானே தினம் போட்டேன்? அதுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகு அவளுக்கே புரிந்துவிட்டது. குழந்தையை நளினியிடம் கொடுத்தாள். வெள்ளைப் பொடி ஒட்டியிருந்த தன் வாயையும் மருமகளிடம் காட்டினாள்.

"எனக்கும் துடைச்சு விடு, தாயி."