சிவப்புத் துணி கட்டிய கழிகள்

ஹேமாவதியின் வலது காலில் ஏழு தையல். ஏரிக்கரையில் யாரோ உடைத்துப் போட்ட பாட்டில் குத்திவிட்டது. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவளுக்குக் கால் போனால் பிழைப்பே போச்சு.

"நாளைக்கு எறங்கிடுவேன்" என்றாள் ஹேமாவதி.

"எறங்கும்மா. இன்னொரு காலு சும்மாதானே கீது!" என்றாள் மகள் ஜமுனா. ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். வாய்தான் கிண்டல் செய்தது. மனசுக்குள் அழுகையாக வந்தது.

வலை கிடக்கும் இடம் தெரிவதற்காக, ஏரியில் கழி நட்டுத் துணி கட்டுவார்கள். ஜமுனா அதையே கரையில் செய்தாள். தினமும் காலையில் போய், சேற்றில் கண்ணாடி புதைந்த இடத்திலெல்லாம் ஒரு கழி நட்டாள். தன் பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்துக் கட்டினாள். பத்து நாளில் நாற்பத்திரண்டு கழிகள்!

சனிக்கிழமை, ஊர்ப் பாதுகாப்புக் கூட்டம். இன்ஸ்பெக்டர் துளசிங்கமும், பொன்னேரி கோர்ட்டின் அரசு வக்கீல் பவித்ராவும் வந்திருந்தார்கள்.

"பாட்டில் உடைக்கிறது யாரு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எங்களுக்கு இன்னா சார் தெரியும்?" என்றார் மீனவர் பெருமாள். மற்றவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். பெயரைச் சொல்லிவிட்டு, நாளைக்கு அதே ஆளோடு ஒரே படகில் ஏற வேண்டுமே!

"பேரே வேணாம். எங்க நடக்குதுன்னு சொல்லுங்க, போதும்" என்றார் வக்கீல்.

ஜமுனா எழுந்தாள். "வந்து பாருங்க மேடம். ஷூவ மட்டும் கழட்டிடாதீங்க."

கரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கழிகள் நின்றன. பழைய ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் மட்டும் நாற்று நட்டதுபோல நெருக்கமாக நின்றன. மேலே விளக்குக் கம்பத்தில் பல்பு இல்லை.

"லைட்டு போயி ஆறு மாசம் ஆச்சு சார்!" என்றாள் ஒரு பெண்.

"சாயங்காலம் ஆனா அந்தப் பக்கமே நாங்க போறதில்ல" என்றாள் இன்னொருத்தி.

"கொட்டகைக்குப் பூட்டும் இல்ல" என்றார் பெருமாள். இப்போது எல்லாருக்கும் வாய் திறந்துவிட்டது. வக்கீலின் நோட்டில் இரண்டு பக்கம் நிறைந்தது.

ஒரே வாரத்தில் விளக்கு எரிந்தது, கொட்டகைக்குப் பூட்டு வந்தது. போலீஸ் ரோந்தில், பாட்டில் உடைத்த மூன்று பேர் பிடிபட்டார்கள். கரையைத் தாங்களே சுத்தம் செய்வதாக ஒப்புக்கொண்டார்கள். அதில் ஒருவர் மோகன்குமார், ஹேமாவதியின் சொந்தத் தம்பி.

கண்ணாடி பொறுக்கச் சாக்குப் பையோடு வந்த அவர் ஜமுனாவை முறைத்தார். "கழி நட்டது நீதானா?"

ஜமுனா ஒரு ஜோடி பூட்ஸை நீட்டினாள். "ஆமா மாமா. வெறுங்காலோட எறங்காத. நைனாவோட பூட்ஸ் எடுத்தாந்திருக்கேன், போட்டுக்கோ."

"எனக்கு எதுக்கு?"

"எங்கம்மா காலுல ஏழு தையல் மாமா."

மோகன்குமார் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினார். மற்ற இருவரும் சாப்பிடப் போன பிறகும் அவர் கரையேறவில்லை.

தையல் பிரித்து, காயம் ஆறிய பிறகு, ஹேமாவதி ஏரியில் இறங்கினாள். கரை சுத்தமாகிவிட்டதால், ஜமுனா கழிகளைப் பிடுங்கிக் கட்டாகக் கட்டினாள். மூன்றை மட்டும் தனியாக வைத்துக்கொண்டாள், கிரிக்கெட் ஸ்டம்புக்கு.

முதல் பந்தை மாமாதான் போட்டார். ஜமுனா அதை ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் அடித்தாள். மாமா வெறுங்காலோடு ஓடிப் போய் எடுத்து வந்தார்.