நல்ல தண்ணிக் கிணற்றைக் கொன்றது யார்?

“எந்தத் தண்ணியையும் தொடாம, மோந்து பாக்காம, நேர்ல போகாம, அதோட குணத்தை அட்சரம் பிசகாம சொல்லக்கூடிய மனுசன் இந்த உலகத்துலயே ஒருத்தர்தான் இருக்காரு.”

விஜய்ராஜ் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

அந்த மனிதர் யார் என்றும் சொல்லவில்லை. அடக்கம்!

பழனிசெட்டிபட்டியில், டூவீலர் ஒர்க்‌ஷாப் மாடியில் அவருடைய அலுவலகம். வாசலில் ‘சுற்றுச்சூழல் ஆலோசகர்’ என்று பலகை. யாராவது ஆலை கட்டப் போனால், அதனால் ஊர்த் தண்ணீருக்கும் மண்ணுக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது தொழில்.

ஆராய்ச்சி முழுவதும் ஏசி அறையில் நடந்தது.

எதிரே நின்றவள் இவாஞ்சலின். போடி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். அவரிடம் உதவியாளர். காலில் ரப்பர் பூட்ஸ். பூட்ஸில் பாதி கம்பம் பள்ளத்தாக்கு.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஊருக்குள் போவாள்.

போனால் சும்மாவா? பரிசோதனைக்கு பாட்டிலில் பிடிப்பதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி முகர்வாள். நாக்கில் வைத்துப் பார்ப்பாள். அதோடு விடாமல், பக்கத்து வீட்டுப் பெண்களிடம் இதில் பருப்பு வேகுதா என்று கேட்பாள். உப்புத் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. எந்தக் கிணறு எப்போது கெட்டது என்பதை அந்தப் பக்கத்துப் பெண்கள் சட்டிக்குள்ளே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

“ஏம்மா, ஒன் நாக்கு என்ன லேபா?” என்றார் விஜய்ராஜ். “பருப்பு வேகுதானு கேக்கவா எம்.எஸ்ஸி. படிச்ச?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

ட்ரிங்… ட்ரிங்…

மேஜை போன்! அவர் ஸ்பீக்கரைத் தட்டினார்.

“சார்… கோடாங்கிப்பாறையில இருந்து அன்னத்தாய் பேசுறேன். எங்க நல்ல தண்ணிக் கெணத்துல பொணமா மெதக்குது. வெரசா வாங்க.”

லைன் கட்!

பிணம் என்ற சொல்லே இவாஞ்சலினுக்கு அதிர்ச்சி. ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த நொடி நடந்தது…

விஜய்ராஜ் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“வண்டிய எடு. நான் எதிர்பார்த்ததுதான்” என்றார்.

*

ஜீப் சின்னமனூரைத் தாண்டிப் பறந்தது.

கோடாங்கிப்பாறை, கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் தென்னந்தோப்பு. அங்கே தேங்காய் நார்த்தூளைக் கழுவிக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலை ஒன்று வரப்போகிறது. அதற்கு முதல் போட முன்வந்தவர் போடி ஏலக்காய் வியாபாரி பலவேசம் அண்ணாச்சி. விஜய்ராஜை அமர்த்தியவரும் அவர்தான்.

நாளைக் காலையில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அதிகாரி வருகிறார். கிணற்றை நேரிலேயே பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

இன்று கிணற்றில் பிணம்!

ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. ஆண்கள் துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். இவாஞ்சலின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

மிதந்தன… வயிறு உப்பி… கண் வெளிறி… வெள்ளை வெள்ளையாக…

மீன்கள்.

“இதையா பொணம்னீக?” என்று மூச்சு விட்டாள்.

“எங்களுக்குப் பொணந்தான் தாயி” என்றாள் மகளிர் குழுத் தலைவி அன்னத்தாய். “போலீசுக்கும் போன் போட்டேன். செத்தவுக பேரு என்னனு கேட்டாக.”

அவள் குரல் அதற்குமேல் விளையாடவில்லை. சுற்றுவட்டாரத்தில் மற்ற கிணறெல்லாம் உப்பு. ஊர் குடிப்பதும் சமைப்பதும் இந்த ஒன்றில்தான். ஆலை வந்தால் பெண்கள் வேலை தேடித் திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டாம் என்று கையெழுத்து வாங்கி அலைந்தவளே அவள்தான்.

“ஆலையும் வேணும், கெணறும் வேணும்னு கேட்டோம். கெணறு செத்துப்போச்சுன்னா ஆலையில சம்பாரிச்சு எதைக் குடிக்கிறது?”

விஜய்ராஜ் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேச ஆரம்பித்தார். இந்தக் கிணற்று நீர் உயிர்கள் வாழத் தகுதியற்றது என்று தம்முடைய அறிக்கையில் எப்போதோ எழுதி அனுப்பியாகிவிட்டது என்றார். நேரில் பார்க்காமலே எழுதினேன், இப்போது நேரில் பாருங்கள் என்றார். குரலில் துக்கத்தைவிடப் பெருமை தூக்கலாக இருந்தது.

இவாஞ்சலினுக்குச் சுருக்கென்றது. ஆலை வருவதற்கு முன்பே கிணறு செத்தது என்று அறிக்கை சொன்னால், நாளைக்கு ஆலை எந்தக் கழிவை ஊற்றினாலும் யாரும் கேட்க முடியாது. ஏற்கெனவே செத்ததை மறுபடி எப்படிக் கொல்வது?

அப்படியானால் இந்தச் சாவில் லாபம் யாருக்கு?

ஊரும் அதையே நினைத்தது. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

அங்கே, காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார் பலவேசம். நெற்றி நிறைய விபூதி. பக்கத்தில் மனைவி பவுனு.

*

இவாஞ்சலின் யாரையும் கேட்கவில்லை. கிணற்றுப் படியில் இறங்கினாள்.

“ஏம்மா, தொடாத! லேபுக்கு அனுப்பணும்” என்று மேலேயிருந்து பதறினார் விஜய்ராஜ்.

அவள் ஒரு பிணத்தை வாலைப் பிடித்துத் தூக்கினாள். முகர்ந்தாள். செதிலை நகத்தால் சுரண்டினாள். பிறகு தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். கீழே ஊர் ஜிலேபி மீன்கள் கொழுகொழுவென்று நீந்திக்கொண்டிருந்தன. வெளியூர்ப் பிணங்களை அவை நிதானமாகக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன.

அவள் சிரித்துவிட்டாள்.

“சார், செத்தது உண்மை. ஆனா சாவு நடந்த எடம் இந்தக் கெணறு இல்ல.”

“பின்ன?”

“அரபிக்கடல்.”

கையிலிருந்த மீனை உயர்த்திக் காட்டினாள்.

“இது மத்தி சார். உப்புக் கடல் மீனு. கேரளாவுல புடிச்சு, ஐஸ் போட்டு, குமுளி மலையேறி வந்துருக்கு. உயிரோட ஒரு நிமிசம்கூட இந்தக் கெணத்தப் பாத்ததில்ல.”

கிணற்றைக் கொல்லவில்லை. கொன்றதாக ஜோடனை!

படியேறி வந்த இவாஞ்சலின் ஊரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். ஒரு தடவை மீன் குழம்பு வைத்த வீட்டில் பிறந்தவன்கூட நல்ல தண்ணீர்க் கிணற்றில் மத்தியைப் போடமாட்டான் என்றாள். இதைச் செய்த ஆளுக்கு ஒரே ஒரு அடையாளம் இருக்கிறது.

“ஆயுசுல மீன் சாப்பிட்டதே இல்ல.”

தலைகள் மறுபடியும் பலவேசத்தின் பக்கம் திரும்பின. இந்த முறை உடம்போடு.

அண்ணாச்சியின் சைவம் மாவட்டப் பிரசித்தம். கல்யாண வீட்டில் பக்கத்துப் பந்தியில் ஆம்லெட் போனதற்காக இலையை மூடியவர். பவுனு அதைச் சொல்லிச் சொல்லியே மகளைக் கட்டிக் கொடுத்தாள்.

“அண்ணாச்சி…” என்றாள் அன்னத்தாய். ஒரு சொல்தான். பத்துப் பேர் முன்னால் நகர்ந்தார்கள்.

பலவேசத்துக்கு வேர்த்தது. ஊரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். எது அதிக ஆபத்து என்று கணக்குப் போட்டார்.

“நான் இல்ல ஆத்தா” என்றார், தரையைப் பார்த்து. “ஏலக்கா ஏலத்துக்குனு மாசாமாசம் குமுளி போறேன்ல… அங்கன ஒரு கடையில மத்தி வறுவல் சாப்புடுவேன். மத்திய நான் இருட்டுல வாடையிலயே சொல்லிருவேன்.”

பவுனு அவர் நெற்றி விபூதியை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

ஒருமுறை வாய் திறந்துவிட்டதால் அண்ணாச்சி மிச்சத்தையும் கொட்டினார்.

“இன்னொண்ணு. நார்த்தூளுல உப்பு இருக்கும்யா. அதை நல்ல தண்ணியில கழுவுனாத்தான் வெளிநாட்டுக்காரன் வாங்குவான். இந்தக் கெணத்தையும் இந்த ஊரு ஊத்துத் தண்ணியையும் நம்பித்தான ஆலையே! இது கெட்டா மொதல்ல சாவுறது நாந்தான்.”

நியாயம். கொலைகாரனுக்கு இருக்க வேண்டிய காரணம் இவரிடம் தலைகீழாக இருந்தது.

அப்படியானால் யார்? மீன் தெரியாதவன்… கிணறு செத்தே ஆக வேண்டியவன்…

டுர்ர்ர் என்று ஒரு மொபெட் வந்து நின்றது. பின்னால் அலுமினியக் குண்டா. கம்பத்திலிருந்து ஊர் ஊராக மீன் விற்கும் மொக்கம்மாள். கூட்டம் இருந்தால் வியாபாரம் இருக்கும் என்று வந்தவள், இவாஞ்சலின் கையில் தொங்கிய மத்தியைப் பார்த்தாள்.

“இது எம் மீனுல்ல? கழிச்சுப் போட்டதையெல்லாம் நேத்து ஒருத்தர் அள்ளிட்டுப் போனாரு. ‘செத்த மீன் இருக்கா’னு கேட்டாரு பாரு தாயி… எங்கிட்ட வேற எந்த மீனு இருக்கு? உயிரோட இருக்குற மத்தி பாட்டுப் பாடுமா?”

“யாருக்கா அது?”

மொக்கம்மாள் கையை நீட்டினாள்.

“அந்தா… கைக்குட்டைய மூக்குல வச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவருதான்.”

விஜய்ராஜ்!

*

இவாஞ்சலினுக்கு எல்லாம் ஒரே கணத்தில் விளங்கியது. ஓராண்டாக அவர் மதியம் தயிர்சாதம் தவிர எதையும் தொட்டு அவள் பார்த்ததில்லை. எங்கோ ஒரு சாயப்பட்டறை ஊருக்கு எழுதிய அறிக்கையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, கோடாங்கிப்பாறை என்று போட்டு அனுப்பியிருக்கிறார். அங்கே செத்த கிணறு இங்கேயும் செத்துவிட்டது. அதிகாரி நேரில் வருகிறார் என்றதும் ஆடிப்போய், ராத்திரியோடு ராத்திரியாக மத்தியைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்.

“எல்லாரும் கெணத்தப் பாத்து ரிப்போர்ட் எழுதுவாக” என்றாள் அவள் மெதுவாக. “எங்க சார் ரிப்போர்ட்டுக்குத் தக்கன கெணத்தத் தயார் பண்ணியிருக்காரு.”

“சின்னத் திருத்தம்தான்…” விஜய்ராஜின் குரல் கிணற்றின் அடியில் கிடந்தது. “ரிப்போர்ட்ட மாத்துறதவிட கெணத்த மாத்துறது சுளுவுனு நெனச்சேன்.”

“ஏலே!” என்று யாரோ பாய்ந்தார்கள். அன்னத்தாய் கையை நீட்டித் தடுத்தாள்.

அடி விழவில்லை. அதைவிட மோசமானது விழுந்தது: அன்னத்தாயின் தீர்ப்பு. நாளைக் கூட்டத்தில் விஜய்ராஜ் அதிகாரி முன்னால் தன் வாயால் நடந்ததைச் சொல்லி, அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். ஆராய்ச்சி முதலிலிருந்து தொடங்கும். பொறுப்பு இவாஞ்சலினுக்கு. நார் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுக்கூட மண்ணில் இறங்காமல் தொட்டியில் பிடித்துச் சுத்தம் செய்து, திரும்பத் திரும்பக் கழுவ வழி செய்தால்தான் ஆலை என்று அவள் சொன்னாள். செலவைக் கேட்டு முகம் சுளித்த பலவேசம், பவுனு பக்கம் திரும்பினார். உடனே சம்மதித்தார்.

“அதுக்கு முன்னாடி” என்றாள் அன்னத்தாய், “போட்ட ஆளே எறங்கி எடுக்கட்டும்.”

பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, வாளியோடு, வெறுங்காலில் விஜய்ராஜ் படியிறங்கினார். கூட்டம் வேடிக்கை பார்த்துச் சலித்துக் கலைந்தது.

கடைசி மத்தியும் வாளிக்கு வந்தது.

அவர் ஏறி வரவில்லை. இடம் வலம் பார்த்தார். யாரும் இல்லை என்று நம்பினார். துடுப்பு அசைத்துப் போன ஜிலேபிக்கு அந்தப் பக்கமாக உள்ளங்கையைக் குவித்துத் தண்ணீரை அள்ளினார். முகர்ந்தார். நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடி யோசித்தார். இன்னொரு கை அள்ளிக் குடித்தார்.

மேலே வந்து, சற்றுத் தள்ளிக் காத்திருந்த அன்னத்தாயின் அருகில் போய், காற்றுக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

“அக்கா… இதுல பருப்பு வேகுதா?”

அன்னத்தாய் சிரிக்கவில்லை. வாங்க, சோறு ஆறுது, சாப்பிட்டுப் பாத்துட்டு எழுதுங்க என்று முன்னால் நடந்தாள்.

கிணற்றோரத்து வேம்புக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த இவாஞ்சலின், பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்த பாட்டில்களை மூடி வைத்துவிட்டு, புது அறிக்கையின் முதல் வரியைப் போனில் தட்டினாள்.

‘கிணறு நலம். மீன்கள் நலம். ஆலோசகர் மட்டும் தீவிரக் கண்காணிப்பில்.’