ஆளுக்கு ஒன்பது சதுர மீட்டர்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உமாபதி தன் வீட்டுக் கூடத்தை அளந்தபோது டேப் மூன்று மீட்டர் நாற்பத்திரண்டு காட்டியது. பழைய வரைபடத்தில் மூன்று அறுபது. முந்தின நாள் சாயங்காலம் அவரே அளந்து குறித்ததும் மூன்று அறுபதுதான். டேப்பின் கொக்கி தேய்ந்திருக்குமோ என்று இரும்பு ஸ்கேலை வைத்துச் சரிபார்த்தார். கொக்கியில் குற்றமில்லை. மறுபடி அளந்தார். மூன்று நாற்பத்திரண்டு.

"ஜலஜா, இந்தச் சுவர் உள்ள வந்திருக்கு."

"வரட்டும். கூட்டிப் பெருக்க இடம் கம்மியாகும்" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. நேற்றிரவும் இளைப்பு வந்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

வளைகுடாவில், அப்பாசியாவின் அந்த ஐந்து மாடிக் கட்டடம் அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்குச் சொந்தம். அதைப் பழுதுபார்க்கப் போகிறார்கள். அதற்கு முன் ஒவ்வொரு வீடும் இன்று எப்படி இருக்கிறதோ அப்படியே அளந்து வரைய வேண்டும். டிராப்ட்ஸ்மேன் உமாபதிக்கு அந்த வேலை. இருபத்திரண்டு வருடமாகக் கோடு போடுகிறவர். கண்ணும் முதுகும் ஓய்ந்துவிட்டன. ஆனாலும் தேதி, நேரம், அளவு என்று வரிசையாக எழுதி வைக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை.

கட்டடத்தைத் திட்டமிட்டவர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து எழுபதுகளின் கடைசியில் வந்தவர்கள். அவர்களுடைய நாடு இன்று உலகப்படத்தில் இல்லை. அவர்கள் விட்டுப்போன கோப்புகளை ஒரு மாதமாக உமாபதிதான் ஸ்கேன் செய்கிறார். அங்கே வீடெல்லாம் அரசாங்கத்துடையது. ஆளுக்கு ஒன்பது சதுர மீட்டர், அவ்வளவுதான். அதற்கு மேல் இடம் வைத்திருந்தவர் வீட்டுக் கதவைக் கமிட்டிக்காரர்கள் தட்டி, முன்பின் தெரியாத ஒருவரை மூட்டை முடிச்சோடு உள்ளே விட்டுப் போவார்களாம். ஒரே அடுப்படியில் நாலு குடும்பம். இதையெல்லாம் ஓர் அறிக்கையில் பெருமையாகவே எழுதியிருந்தார்கள். அதே கணக்கில்தான், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கிரேனில் தூக்கி நிறுத்தி, இந்தக் கட்டடத்தையும் கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை பேர் என்று அட்டவணையில் ஒரு கட்டம் உண்டு. பெயருக்குக் கட்டம் இல்லை. எண்ணுக்கு மட்டும்தான். கம்பெனியும் இன்றுவரை அதே அட்டவணையைத்தான் பின்பற்றுகிறது.

உமாபதியின் வீடு மூன்று பேருக்கானது. மகள் சம்யுக்தா ஜூன் மாதம் திருச்சிக்குப் படிக்கப் போய்விட்டாள். இரண்டு பேர் என்று எழுதினால் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து ஒற்றை அறைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே சுவரெல்லாம் ஓதம். ஜலஜாவின் நெஞ்சு ஒரு வாரம் தாங்காது. வியாழக்கிழமை புதிய அட்டவணையிலும் அவர் மூன்று என்றே எழுதினார். ஒரு எண்தானே.

பக்கத்து வீட்டில் இருப்பவன் சர்வேயர் பாண்டித்துரை, முதுகுளத்தூர்க்காரன். மத்தியானம் லேசர் மீட்டரோடு வந்து தன் பக்கமும் இவர் பக்கமும் அளந்தான்.

"என் பக்கம் ஒரு நூல் கொறையலண்ணே. உங்க பக்கந்தான் பதினெட்டு சென்டி உள்ள வந்திருக்கு. சுவரு முழுகாம இருக்கு போல. வளைகாப்பு வச்சிருவமா?"

"சும்மா கெடடா. டேப்புலதான் தப்புன்னு நெனச்சேன்."

"டேப்பு மேல பழியப் போடாதீங்க. யல்லா, கெளம்புறேன், பிரியாணி ஆறுது" என்று போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மீட்டர் பத்து. திங்கட்கிழமை இரண்டு எண்பது. சோபாவை அவர் நகர்த்தவில்லை, ஜலஜாவும் நகர்த்தவில்லை. ஆனாலும் அது எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் தூசிக்காற்று கிளம்பி ஜன்னலெல்லாம் செங்காவி நிறமான நேரத்தில், ஏசியின் இரைச்சலுக்கு அடியில், சுவருக்குள்ளிருந்து இரும்புக் கட்டிலைத் தரையில் இழுக்கிற மாதிரி நீளமாக ஒரு சத்தம் வந்தது; பிறகு கண்ணாடித் தம்ளரில் யாரோ கரண்டியால் அவசரமே இல்லாமல் கலக்குவதும், ஈரச் சிமெண்டோடு சேர்ந்து வெந்த முட்டைக்கோஸின் புளித்த வாடையும். அவர்கள் வீட்டில் அன்று கத்தரிக்காய்க் குழம்பு.

"பாண்டித்துரை வீட்டுலயா?"

"அவன் காலையிலயே சைட்டுக்குப் போயிட்டானே" என்றாள் ஜலஜா. அவள் மூன்று தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மூணு?"

அவள் கைகளைப் பார்த்தாள். தட்டுகளைப் பார்த்தாள். "தெரியலீங்க" என்றாள். "அலுப்பா இருக்கு. போய்ப் படுக்கிறேன்."

மூன்றாவது தட்டில் சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆபீசில், தூசியால் வெளியே எதுவும் தெரியாத ஜன்னலோரம் உட்கார்ந்து, உமாபதி அந்த அறிக்கையின் கடைசிப் பக்கங்களை ஸ்கேன் செய்தார். டைப் அடித்த இங்கிலீஷ். அரைகுறையாக அழிந்த முத்திரை. நாற்பத்தோராவது பத்தியை இரண்டு முறை படித்தார். பதிவான எண்ணிக்கையைவிட ஆள் குறைவாக இருந்தால், குறைகிறவருக்கான இடம் தனியே பிரித்து வைக்கப்படும். அவர் வந்து சேருவார்.

யார் என்று எழுதவில்லை. எங்கிருந்து என்றும் எழுதவில்லை.

ஸ்கேனர் விளக்கு போய்த் திரும்பியது. ஓதமானால் ஓதம். மருந்து வாங்கிக்கொள்ளலாம், மோட்டார் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். அவள் வீட்டில் தனியாக இருக்கிறாள். அட்டவணையைத் திறந்தார். மூன்றை அழித்தார். இரண்டு என்று அடித்தார். பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, இரண்டு பத்து என்று நேரமும் எழுதி, மேனேஜர் மேஜையில் வைத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு ஆழமாக இறங்கியது.

ஜலஜாவுக்குப் போன் செய்தார்.

"கீழ் வீட்டுக்கே போயிருவோம்மா. ரெண்டு பேருன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"சரி" என்றாள். பிறகு, "யார்கிட்ட குடுத்தீங்க? இப்பத்தானே நீங்க உள்ள வந்து கை கழுவப் போனீங்க?"

போன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தார். மணி போனது. அவள் எடுக்கவில்லை.

டாக்சி கிடைக்கவில்லை. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, மளிகைக் கடைகளின் ஷட்டரோரமாகவே, நெறுநெறுவென்று பல்லில் மணல் அரைபட, இரண்டு கிலோமீட்டர் நடந்தார். மூன்று மாடி ஏறினார். படிக்கட்டு முழுக்க முட்டைக்கோஸ் வாடை. பாண்டித்துரையின் கதவு பூட்டியிருந்தது.

தன் கதவில் சாவியைப் போட்டார். திரும்பியது.

உள்ளே இருட்டு. கரண்ட் இல்லை போல.

"ஜலஜா?"

ஒரு எட்டு வைத்தார். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. சுவிட்சைத் தேடினார். சுவிட்ச் இல்லை. சொரசொரப்பான கான்கிரீட். இடது கையை நீட்டினார். கான்கிரீட். திரும்பினார், தோள் இடித்தது. வந்த வழியைத் தடவினார். கதவு இல்லை. கைப்பிடி இல்லை. கீல்கூட இல்லை.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

அப்புறம், நெற்றிக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில், தட்டு வைக்கும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். ஜலஜாவின் குரல். இளைப்பே இல்லாமல் தெளிவாக இருந்தது.

"ஏங்க, இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தவா?"

"ஊத்து."

அது அவருடைய குரல்.

"ஜலஜா! நான் இங்க இருக்கேன்!"

மறுபக்கம் மோர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

"என்ன அப்படிப் பாக்குற? ரெண்டு பேருதானே இருக்கோம், சாப்பிடு" என்றது அவருடைய குரல். பிறகு தம்ளரில் கரண்டி. நிதானமாக. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

கத்தினார். கத்தியதில் நெஞ்சிலிருந்த காற்றெல்லாம் வெளியே போனது. அந்த இடத்தைச் சுவர் எடுத்துக்கொண்டது.

மறுபடி மூச்சை இழுத்தார்.

இழுக்க இடமில்லை.